அந்த வீடியோ அப்படியே இருக்கட்டும்

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். கை பட்டு கட் ஆகிவிட்டது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அது பொய். கோபத்தில்தான் வைத்தேன். "அந்த வீடியோவ அழிக்கச் சொல்லும்மா. பொண்ணு வீட்டு ஆளுகளெல்லாம் பாக்குறாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் குரூப் வரைக்கும் வந்துருச்சு. அசிங்கமா இருக்கு" என்றாய். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நீ சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. மூன்று நாள் ஆகிவிட்டது. நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நான் பாதியில் அழுதுவிடுவேன், இல்லையென்றால் நீ "சரி விடும்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்துவிட்டு யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னை மாதிரிப் பிள்ளைகளும் என்னை மாதிரித் தாய்களும் இந்தத் தாலுகாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை அழிக்கச் சொல்ல மாட்டேன். யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும், சொன்னால் உடனே அழித்துவிடுவார்கள் என்றும் தெரியும். ஆனாலும் சொல்ல மாட்டேன். நீ பார்த்தது நாற்பது விநாடி. அதில் உன் அம்மா தரையில் மல்லாக்கக் கிடக்கிறாள், சேலை முழங்கால் வரை ஏறியிருக்கிறது, வயிறு தெரிகிறது, வாயை அகலமாகத் திறந்து சிரிக்கிறாள். அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ பொங்கலுக்கு வரவில்லை. லீவு இல்லை என்றாய். நம் ஊர்க்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். கோலம், சாக்கு ஓட்டம், இசை நாற்காலி எல்லாம் வழக்கம்போல. இந்த வருடம் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். நம் மகளிர் குழுத் தலைவி செல்வி, போகிக்கு முதல் நாள் சாயங்காலம் பால் சொசைட்டிக்கே வந்துவிட்டாள். நான் கடைசியாக வந்த பாலை மெஷினில் வைத்துக் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். என் வேலை விசித்திரமானது தம்பி. காலையும் மாலையும் கொழுப்பு கூடினால் சந்தோஷப்படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குப் போனால் அதே சொல்லுக்குப் பயந்து சாகிறேன். செல்வி சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, எட்டுப் பேரு வேணும். ஏழு பேரு ஆச்சு. கடைசி ஆளா நீங்க நில்லுங்க. ஒங்கள யாராலயும் அசைக்க முடியாது" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் உடம்பைத்தான் சொல்கிறாள் என்று பட்டது. "ஏன், நான்தான் ஒங்களுக்குக் குண்டா தெரியிறேனா? வேற ஆள் பாரு" என்றேன். அவள் கோபப்படவில்லை. வெளியே லாரிக்கு ஏற்ற வைத்திருந்த பால் கேனைக் காட்டினாள். "அந்த நாப்பது லிட்டர் கேன ஒரு பக்கம் நீங்க பிடிச்சா, மறுபக்கம் ரெண்டு ஆம்பளைக பிடிக்கிறாங்க. நான் தெனம் பாக்குறேங்க்கா. குண்டுங்கிறதுக்காகக் கேக்கல, பலத்துக்குத்தான் கேக்குறேன்" என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒருத்தி என் உடம்பைப் பார்த்துப் பலம் என்று சொன்னாள். அன்றைக்கு நான் சரி என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏன் தயங்கினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, உன் அப்பா வீட்டாரோடு வந்த ஓர் அம்மாள், "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்ல இருக்கே, ரெண்டு பிள்ள பெத்தா எப்படி ஆகும்" என்று கேட்டது கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது. அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. கூட்டத்தோடு போட்டோ எடுத்தால் அன்றிலிருந்து நான் கடைசி வரிசைதான். உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்து தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ மேடையிலிருந்து தேடினாய், நான் கையைக்கூட ஆட்டவில்லை. நம் வீட்டில் உன்னையும் உன் அப்பாவையும் எடுத்த போட்டோ எவ்வளவோ இருக்கிறது. நான் இருக்கிற போட்டோ எத்தனை என்று ஒரு நாள் பீரோவைத் திறந்து பார். எடுத்தது நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஒளிந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் பயத்தை உன்மேல் இறக்கி வைத்தேன். இதைத்தான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், பதினாலு பதினைந்து வருடமாக ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறேன். நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது தீபாவளித் துணி எடுக்க அறந்தாங்கிக்குப் போனோம். உன் பெரியம்மாவும் குமாரும் கூட வந்தார்கள். உன் பெரியப்பா மகன் குமாருக்கும் உனக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம். ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒருத்தன் இல்லாமல் ஒருத்தன் சாப்பிட மாட்டீர்கள். கடையில் குமாருக்கு எடுத்த முதல் பேன்ட்டே சரியாக இருந்தது. உனக்கு நாலு பேன்ட் போட்டுப் பார்த்தும் பட்டன் எட்டவில்லை. துணி எடுத்துப் போட்ட பையன், "தம்பிக்கு இந்த செக்ஷன்ல வராதுங்க. பெரியவங்க சைஸு மாடில, அங்கிட்டு இருக்கு" என்றான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். நான்தான் அத்தனை பேர் முன்னாலும், "குமாரப் பாரு, ஒன் வயசுதான? எதப் போட்டாலும் நிக்குது. ஒன்னயக் கூட்டிக்கிட்டு கடைக்கு வரவே எனக்கு வெக்கமா இருக்கு" என்றேன்.

நீ அழவில்லை. பேன்ட் வேண்டாம் என்று மட்டும் சொன்னாய். அந்தத் தீபாவளிக்குப் பழைய டிரவுசரைத்தான் போட்டுக்கொண்டாய். கடைக்குப் போய்வந்த மறுநாள் காலையில் தட்டில் வைத்த நாலு இட்லியில் மூன்றை எடுத்துத் திரும்பச் சட்டியில் வைத்தாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன் தம்பி. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.  இதை எழுதுகிறேன், ஏனென்றால் நீ இதை மறந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நானும் மறக்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

பிறகு நீ திருச்சிக்குப் படிக்கப் போனாய். முதல் வருடம் முடிந்து வந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கியது யார் என்றே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டு, அதற்கும் மேல் மடித்துக் கட்டியிருந்தாய். உன்னை நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்பத்தாண்டா என் மகன் மாதிரி இருக்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் அதுவரை நீ யார் மகன் மாதிரி இருந்தாய்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. உனக்கு வந்திருக்கும். வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய் ஜிம்மில் சேர்ந்து நீ அனுப்பிய போட்டோவையெல்லாம் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்களிடம் காட்டினேன். கை எப்படி, தோள் எப்படி என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். உன் சம்பளம் உயர்ந்ததைக்கூட அப்படிக் காட்டியதில்லை.

அந்தத் தோளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகையில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது பத்து நாள் வீட்டில் இருந்தாய். சின்னத் தராசு ஒன்று கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாய். கோழிக்கறியை நிறுத்தாய், சோற்றை நிறுத்தாய், முட்டையில் மஞ்சள் கருவை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டாய். உன் அப்பா அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தான் சாப்பிட்டார். காலையில் கண்ணாடிக்கு முன்னால் சட்டையில்லாமல் நின்று போட்டோ எடுத்து, முந்தைய நாள் போட்டோவோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய். அப்புறம் எவனோ ஒருத்தன் போட்டோவோடு வைத்துப் பார்ப்பாய். அவனுக்கு அதுதான் வேலை, காலையிலிருந்து மாலை வரை உடம்பைக் காட்டிச் சம்பாதிக்கிறவன் என்று நீயே சொன்னாய். இடது தோள் வலது தோளைவிடச் சின்னதாகத் தெரிகிறது என்று மூன்று மாதமாக இடது பக்கம் மட்டும் கூடுதலாகத் தூக்கினாயாம். எனக்கு எந்தத் தோளும் சின்னதாகத் தெரியவில்லை. ஒரு காலையில் அந்தக் கை மேலே எழவில்லை. பனியனைத் தலை வழியாக மாட்ட முடியாமல் நின்றாய். உன் அப்பாதான் குழந்தைக்கு மாட்டிவிடுவது மாதிரி மாட்டிவிட்டார். அரைமணி நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கி ஜிம்முக்குக் கிளம்பினாய். "வலிச்சாத்தாம்ப்பா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாய். உன் அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "காளைக்குத் தோள்ல புண்ணு வந்தாக்கூட ரெண்டு நாள் அவுத்து விட்டுருவோம்டா" என்றார். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

நிச்சயதார்த்தத்தன்று கீரமங்கலத்து மண்டபத்தில் நீ மயங்கி விழுந்தாயே, பித்தம் என்று எல்லாரிடமும் சொன்னோம். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறும்போது உன் அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். முதல் நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் போட்டோவில் முகம் ஊதித் தெரியும் என்று. அதை அவர் ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே வயலுக்குப் போய்விட்டார். நான் அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை தாகத்தோடு நின்று சிரித்த போட்டோவை நான் ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நந்தினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிச்சயப் புடவைகூட மாற்றவில்லை. "அத்தை, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே" என்றாள். "சொல்லும்மா" என்றேன். "வெளிய போனா அவரு சாப்பிட மாட்டேங்கிறாரு. அது அவரு இஷ்டம். ஆனா நான் சாப்பிடும்போது என் தட்டையே பாக்குறாரு அத்தை. ஒண்ணும் சொல்றதில்ல, பாக்குறாரு. போன மாசத்துல இருந்து எனக்கும் சாப்பாடு எறங்க மாட்டேங்குது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். தட்டை அப்படிப் பார்க்க உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "நான் பாத்துக்கிறேம்மா" என்றேன். என்ன பார்த்துக்கொள்வது என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

இதெல்லாம் மனதில் அரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் செல்வி வந்து கேட்டாள். பொங்கல் மறுநாள் காலையில் மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு நின்றபோது திடீரென்று ஒரு வீம்பு வந்தது. இத்தனை வருடம் ஒளிந்து என்ன கிடைத்தது என்று நினைத்தேன். நான் ஒளிந்தேன், என்னைப் பார்த்து நீ ஒளியக் கற்றுக்கொண்டாய், உன்னைப் பார்த்து அந்தப் பெண் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். யாராவது ஒருத்தர் நிறுத்த வேண்டும் என்றால் அது நான்தான். சேலையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன்.

முதல் ஆட்டத்தில் கால் நிமிடத்தில் தோற்றோம். காரணம் நான்தான். கயிற்றின் கடைசி நுனியை என் இடுப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். சுற்றிலும் ஊரே நின்றது, பாதிப் பேர் கையில் போன். நான் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடினேன். விசில் அடித்ததும் எட்டுப் பேரும் முன்னால் போய் விழுந்தோம். செல்வி மூச்சு வாங்கத் திரும்பி, "அக்கா, சேலையப் பிடிக்க வந்தீங்களா, கயித்தப் பிடிக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் சுற்றிச் செருகினேன். தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் மண்ணைக் கொத்திப் பள்ளம் பண்ணி நின்றேன்.

இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டம் முடியவே இல்லை. கயிறு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். எதிர்ப்பக்கம் கடைசியில் நின்றவளும் என்னை மாதிரியே கனத்த ஆள்தான். முகம் சிவந்து, பல்லைக் கடித்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் தொடை நடுங்கியது, உள்ளங்கை எரிந்தது, கயிறு இடுப்பில் அறுத்தது. ஆனால் என் கால் நகரவில்லை. முன்னால் ஏழு பேர் என்னை நம்பிச் சாய்ந்திருந்தார்கள். நான் எவ்வளவு எடை, எப்படித் தெரிகிறேன், யார் பார்க்கிறார்கள், எதுவும் மனதில் இல்லை. நகரக்கூடாது என்பது ஒன்றுதான் இருந்தது. திடீரென்று அந்தப் பக்கம் யாருக்கோ கால் வழுக்க, கயிறு எங்களிடம் வந்துவிட்டது. எட்டுப் பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தராக மல்லாக்க விழுந்தோம். எல்லாருக்கும் அடியில் நான். அங்கிருந்துதான் உன் நாற்பது விநாடி ஆரம்பிக்கிறது.

அதில் கடைசியில் ஒருத்தி ஓடிவந்து என்னைக் கை கொடுத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பாய். அவள்தான் எதிர்ப்பக்கத்துக் கடைசி ஆள். "அடுத்த வருசம் ஒங்கள விட மாட்டேங்க" என்று என் காதில் சொன்னாள். பரிசாக ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். வெயிலில் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் குமார் வந்தான். குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். காலையில் எங்களுக்காகத் தொண்டை கட்டக் கத்தியவன், டீ டம்ளரை வாங்கிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தான். "சித்தி, நான் போன் அடிச்சா அவன் ஏன் எடுக்க மாட்டேங்கிறான்? கல்யாணப் பத்திரிகைய போன்ல அனுப்புறான், ஒரு வார்த்தை பேசல" என்றான். வேலை நெருக்கடியாக இருக்கும் என்று மழுப்பினேன். அவன் விடவில்லை. "என்னயக் காட்டித்தானே சித்தி அவன வஞ்சீங்க. அன்னைக்குத் துணிக்கடையில நான் பக்கத்துலதான நின்னேன். ஆனா எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? 'அவனப் பாரு, எவ்வளவு செழிப்பா இருக்கான், ஒனக்குச் சோறு போட்டா ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குது'ன்னு அம்மா தெனம் அவனக் காட்டி என்னய வையும். ஸ்கூல்ல எனக்கு ஊதுபத்தின்னுதான் பேரு. இப்பவும் ரூம்ல டப்பா டப்பாவா ஒடம்பு ஏத்துற பவுடர் வாங்கிக் கலக்கிக் குடிக்கிறேன். அவன மாதிரி ஆகணும்னு சித்தி" என்றான்.

 ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் இரண்டு வீடு. இந்தப் பக்கம் நான் அவனைக் காட்டி உன்னைத் திட்டினேன், அந்தப் பக்கம் உன் பெரியம்மா உன்னைக் காட்டி அவனைத் திட்டினாள். ஒருத்தரையொருத்தர் விட்டால் வேறு ஆள் தெரியாத இரண்டு பிள்ளைகளைப் பேசாமல் ஆக்கிவிட்டோம். உன் உடம்பில் நீ ஏற்றியதையும் இறக்கியதையும் விட, இதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. குமாரிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க சித்தி" என்றான், ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். அம்மா உடற்பயிற்சியே வேண்டாம் என்கிறாள், இனி கண்டதையும் தின்னச் சொல்லப் போகிறாள் என்று நினைப்பாய். அப்படியில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறேன், இரண்டு வேளையும் சொசைட்டிக்கு நடந்துதான் போகிறேன். டாக்டர் முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பார்த்துக்கொள்கிறேன். நீயும் ஓடு, எடை தூக்கு. ஓடிவிட்டு வரும்போது உன் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும், அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்றதும் அது போய்விடுகிறதே, அதையும் பார்த்திருக்கிறேன். நீ ஒரு இடத்தைப் பிடித்ததும் அது உனக்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. வயிறு போனது, பிறகு தோள் வந்தது, தோளுக்குப் பிறகு முகம் வந்தது. நாளைக்கு முடி வரும், அப்புறம் வயது வரும். எவனோ ஒருத்தனுடைய படத்தை வைத்துக்கொண்டு நீ உன்னை நிறுத்துக்கொண்டே இருந்தால் எந்தத் தராசும் சரி என்று சொல்லாது. நான் முப்பது வருடம் நிறுத்துப் பார்த்தவள், எனக்குத் தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத நான் வரவில்லை. அசிங்கம் என்று நீ சொன்னது என்னிடம் படித்த பாடம், அதைத் திருப்பி எனக்கே ஒப்பித்தாய். என்னை மன்னித்துவிடு என்று கெஞ்சவும் வரவில்லை. செய்தது தப்பு, அதைத் தப்பு என்று எழுதிவிட்டேன். ஆனால் இனிமேல் ஒளிய மாட்டேன், அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது முதல் வரிசையில் நிற்பேன். யாராவது பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், ஒல்லியாகத் தெரிவீர்கள் என்று சொன்னால் நேராகத்தான் நிற்பேன். பெண் வீட்டார் வீடியோவைப் பார்த்தால் பார்க்கட்டும். சம்பந்தியம்மா எப்படிப்பட்ட ஆள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லதுதான். நந்தினியின் தட்டை இனி நீ பார்க்கக்கூடாது. இதைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். குமார் உன் கல்யாணம் வரை லீவை நீட்டித்திருக்கிறான். அவன் போனை எடு.

நேற்றுக் கல்யாணப் பட்டுக்கு ரவிக்கை தைக்க அரிமளத்துக்குப் போயிருந்தேன். தையல்கடை பானு நாடாவை என்னைச் சுற்றிப் போட்டுவிட்டு, "கல்யாணம் மாசிக் கடைசிலதானக்கா? எல்லாரும் அதுக்குள்ள எளைச்சுருவோம்னு சொல்லித்தான் தைக்கக் குடுப்பாங்க. கொஞ்சம் பிடிச்சே தைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். நானும் எப்போதும் அப்படித்தான் கொடுப்பேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுத்து, விசேஷத்தன்று கொக்கி மாட்ட முடியாமல் ஊசி குத்திக்கொண்டு நிற்பேன். "வேணாம் பானு. இன்னைக்கு என்ன இருக்கோ அதுக்குத் தை. நான் பந்தி பரிமாறணும், சிரிக்கணும், சாப்பிடணும்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு உன் சட்டைக்கு நீ போனில் அனுப்பியிருந்த அளவை எடுத்து என்னிடம் காட்டினாள். "தம்பி அனுப்புனது இதுங்க. இடுப்பு ரொம்பக் கம்மியா இருக்கே, இது இப்ப உள்ள அளவா, இல்ல அதுக்குள்ள வந்துரும்னு எழுதுன அளவா?" என்று கேட்டாள்.

அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆள் நேரில் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை வருகிறாய் அல்லவா, வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அரிமளத்தில் இறங்கு. பானு கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே இருக்கிறது. வயிற்றை எக்காமல், நெஞ்சைத் தூக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு நில். எவ்வளவு வருகிறதோ அதை எழுதிக்கொள்ளச் சொல்.

உன் அம்மா